டிவிடி பூட்டை உடைத்தது யார்? ஒரு மாணவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கிறேன். டிவிடியில் இருக்கும் சிஎஸ்எஸ் பாதுகாப்பைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யலாம் என்று இருக்கிறேன். "அதை நார்வேயில் ஒரு 15 வயசுப் பையன் ஒரே ராத்திரியில் உடைத்துவிட்டான், அதில் செய்ய என்ன இருக்கிறது" என்கிறார் கைடு. உண்மையா? ஒரு பையன் உடைக்கிற மாதிரியா அத்தனை பெரிய கம்பெனிகள் பூட்டுப் போட்டார்கள்? நான் எழுதும் நிரலை கிட்ஹப்பில் போட்டால் வம்பு வருமா? இன்னொன்று, அப்பா காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் ஒரிஜினல் டிவிடிகள் என் லினக்ஸ் லேப்டாப்பில் ஓடவில்லை. அவற்றைக் காப்பி எடுத்து வைப்பது தப்பா?

பதில்: தம்பி, உங்கள் கைடு சொன்னதில் நார்வே சரி, 15 வயசும் சரி. ஒரே ராத்திரி என்பதும் அந்தப் பையன் தனியாளாக உடைத்தான் என்பதும் கேட்கச் சுகமாக இருப்பதால் இருபத்தைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற கதை. நான் பிழைப்பது கேபிள், டிடிஎச் செட்-டாப் பாக்ஸ்களுக்குள் இருக்கும் சாவிகளைப் பார்த்துக்கொள்வதில். சிஎஸ்எஸ் விழுந்த விதத்தை எங்கள் தொழிலில் இன்றைக்கும் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எனவே ப்ராஜெக்டுக்கு விஷயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

டிவிடி ஜப்பானில் 1996 நவம்பரிலும் அமெரிக்காவில் 1997 மார்ச்சிலும் கடைக்கு வந்தது. நகல் எடுக்க விடாத பூட்டு இருந்தால்தான் படம் தருவோம் என்று ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பிடிவாதமாக இருந்ததால், மட்சுஷிதாவும் தோஷிபாவும் சேர்ந்து சிஎஸ்எஸ்ஸைச் செய்து கொடுத்தார்கள். அது வேலை செய்கிற விதம் இப்படி. ஒவ்வொரு தட்டுக்கும் 5 பைட், அதாவது 40 பிட் நீளத்தில் ஒரு தட்டுச் சாவி. பிளேயர் செய்யும் கம்பெனி ஒவ்வொன்றும் உரிமம் வாங்கிக்கொண்டால் அதற்கென்று பிளேயர் சாவி கிடைக்கும். தட்டுச் சாவியை நானூற்றுச் சொச்சம் பிளேயர் சாவிகளால் தனித்தனியாகப் பூட்டி, அத்தனை பிரதிகளையும், சரிபார்க்க ஒரு ஹேஷையும் (தட்டுச் சாவியிலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற ஓர் எண்) சேர்த்து 2048 பைட் கட்டாகத் தட்டில், சாதாரணக் கோப்பு போலப் படிக்க முடியாத இடத்தில் எழுதி வைப்பார்கள். உங்கள் பிளேயர் தன் சாவியால் தட்டுச் சாவியைத் திறக்கும், அதை வைத்துப் படத்துக்கான சாவியைத் திறக்கும், அதை வைத்துப் படத்தின் செக்டர்களை ஒவ்வொன்றாகத் திறக்கும். கணினி டிரைவாக இருந்தால், டிரைவும் மென்பொருளும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கேட்டுக்கொள்ளும் சடங்கு வேறு உண்டு.

காகிதத்தில் பார்த்தால் மோசமில்லை. ஒரு கம்பெனியின் சாவி வெளியே போய்விட்டால், அடுத்து அச்சடிக்கும் தட்டுகளில் அந்தச் சாவிக்கான பிரதியை மட்டும் விட்டுவிடலாம் என்றுகூட யோசித்துத்தான் செய்திருந்தார்கள். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள், இரண்டும் வெவ்வேறு ரகம், அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் உங்கள் ப்ராஜெக்டின் உயிர் இருக்கிறது.

ஒன்று, கணக்கில் இருந்த ஓட்டை. பலமான குறியாக்கத்தை வெளிநாட்டுக்கு விற்கக் கட்டுப்பாடு இருந்த காலம் அது, அதனால் 40 பிட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் 1998-இல் அமெரிக்காவில் இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு தானே கட்டிய இயந்திரம், டிஇஎஸ் என்ற குறியாக்க முறையின் 56 பிட் சாவியை மூன்று நாளுக்குள் கண்டுபிடித்துக் காட்டியது, அது 40 பிட்டைப் போல 65,536 மடங்கு பெரிய தேடல். சரி, 40 பிட்டாவது முழுசாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. உள்ளே இருப்பது 17 பிட்டில் ஒன்று, 25 பிட்டில் ஒன்று என இரண்டு எல்எஃப்எஸ்ஆர், அதாவது உள்ளே இருக்கும் பிட்டுகளை நகர்த்தி நகர்த்திப் புதுப் பிட்டுகளை உண்டாக்கும் ரிஜிஸ்டர்கள். இரண்டின் வெளியீட்டையும், முந்தைய கூட்டலில் மேலே ஏறும் மிச்சத்தோடு (carry) கூட்டினால், படத்தைக் குழப்பப் பயன்படும் பைட்டுகளின் வரிசை, அதாவது சாவியோடை வந்துவிடும். முதல் ரிஜிஸ்டரின் நிலையை யூகித்துவிட்டால், தெரிந்த சில பைட்டுகளை வைத்து இரண்டாவதைக் கழித்தலிலேயே எடுத்துவிடலாம். 40 பிட் தேடல் 16 பிட் தேடலாகிவிடும். வடிவமைப்பை ரகசியமாக வைத்திருந்ததால் வெளியே ஒருவரும் பார்த்துச் சொல்ல வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் ஒரு மதியத்தில் சொல்லியிருப்பார்கள்.

மற்றது, அமைப்பில் இருந்த ஓட்டை. இதை எந்தக் கணக்காலும் அடைக்க முடியாது. யாரிடமிருந்து படத்தைக் காக்க வேண்டுமோ அவர் வீட்டுக் கூடத்திலேயே தட்டும் இருக்கிறது, பிளேயரும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு, திருடன் என்று நீங்கள் சந்தேகப்படுகிறவர் கையிலேயே சாவியையும் கொடுத்து, "எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்கிற மாதிரி. டிவியோடு இணைக்கிற பெட்டியாக இருந்தால் சிப்புக்குள் கொஞ்ச காலம் ஒளித்து வைக்கலாம். கணினியில் ஓடும் மென்பொருள் பிளேயரில் எங்கே ஒளிப்பது?

1999-இல் அங்கேதான் விழுந்தது. ரியல்நெட்வொர்க்ஸின் கிளை நிறுவனமான ஸிங் விற்ற விண்டோஸ் டிவிடி பிளேயரில் சாவி போதிய அளவு மறைக்கப்படாமல் கிடந்தது. மோர் என்று பெயர் வைத்துக்கொண்ட மூன்று பேர் கொண்ட குழு அதை எடுத்தது. சாவியைத் தோண்டியதும் மூல வேலையைச் செய்ததும் ஜெர்மனியைச் சேர்ந்த, இன்றுவரை பெயர் வெளியாகாத ஒருவர். நார்வேப் பையன் யோன் லெக் யோஹான்சன் செய்தது பெரும்பாலும் விண்டோஸில் ஓட ஒரு முகப்பு எழுதியதும், 1999 அக்டோபரில் டீசிஎஸ்எஸ் என்ற பெயரில் இணையத்தில் வெளியிட்டதும். இதை அவரே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். மூன்று பேரில் முகமும் விலாசமும் தெரிந்தவர் அவர் ஒருவர் என்பதால் புகழும் அவருக்கு, வழக்கும் அவருக்கு. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், இதே சமயத்தில் லினக்ஸில் டிவிடி பார்க்க வழி தேடிக்கொண்டிருந்தவர்களில் டெரெக் ஃபாகஸ் என்பவர் டிரைவோடு பேசும் அந்த அடையாளச் சடங்கை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். டீசிஎஸ்எஸ்ஸுக்கு முன்பே டிவிடியை உரிக்கும் வேறு கருவிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரே ராத்திரி எங்கே வந்தது?

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஆனால் பத்திரிகைகளில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு பிளேயர் சாவி வெளியானால் அதை ரத்து செய்யலாம் என்றுதானே ஏற்பாடு? ஆனால் ஒரு சாவி தெரிந்ததும் தட்டுச் சாவி தெரிந்துவிட்டது, தட்டுச் சாவி தெரிந்ததும் மற்ற நானூறு பிரதிகளும் விடை தெரிந்த கணக்குகளாகிவிட்டன, குறியாக்கம் பலவீனமானதால் அவற்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பிளேயர் சாவிகளைச் சில நாளிலேயே எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ரத்து செய்தால் கடையில் விற்ற பிளேயர்கள் எல்லாம் குப்பை. அதோடு நிற்கவில்லை. ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் அந்த 16 பிட் தாக்குதலை எழுதி வெளியிட்டார், கூடவே சரிபார்ப்பு ஹேஷிலிருந்தே தட்டுச் சாவியைப் பின்னோக்கி எடுக்கும் வழியையும் காட்டினார். அதற்கு 2-இன் 25-ஆம் அடுக்கு, அதாவது மூன்றரைக் கோடிக்குள் முயற்சிகள் போதும், அன்றைய பென்டியம் 3 கணினியிலேயே அரை நிமிடத்துக்குள் முடிகிற வேலை. இனி எந்தப் பிளேயர் சாவியும் தேவையில்லை, தட்டு ஒன்று போதும். ஸிங் தன் சாவியை இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சிஎஸ்எஸ் பிழைத்திருக்காது, கொஞ்சம் தாமதமாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே வைவாவில் "யார் உடைத்தது" என்று கேட்டால் என் பதில் ஸ்டீவன்சன். கைடு முறைத்தால் பரவாயில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்கிறீர்கள். என் கணிப்பு, தெரிந்திருக்கும், அதைப் பற்றி அவர்கள் அவ்வளவு கவலைப்படவில்லை. சிஎஸ்எஸ் தடுத்தது திருட்டு டிவிடித் தொழிற்சாலையை அல்ல. அச்சு இயந்திரம் வைத்திருப்பவர் பூட்டைத் திறக்கவே வேண்டாம், பூட்டியபடியே பிட் பிட்டாக அச்சடித்தால் அந்தத் தட்டு எந்தப் பிளேயரிலும் ஓடும். இணையத் திருட்டும் அன்று பெரிதில்லை, 56 கே மோடத்தில் 4.7 ஜிபி இறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவும் லைன் அறுந்து போகாமல் இருந்தால். சிஎஸ்எஸ் உண்மையில் பிடித்து வைத்திருந்தது பிளேயர் செய்கிற கம்பெனிகளை. சாவி வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மண்டலக் குறியை மதிக்க வேண்டும், அமெரிக்கத் தட்டு மண்டலம் 1, நம் நாடு மண்டலம் 5, ஒன்று மற்றதில் ஓடக்கூடாது. டிவி வெளியீட்டில் விசிஆர் பதிவைக் கெடுக்கும் மேக்ரோவிஷன் இருக்க வேண்டும். திறந்த மூல மென்பொருள் எழுதுகிறவர் இப்படிக் கையெழுத்துப் போட முடியாது, போட்டாலும் சாவியை மூல நிரலில் மறைக்க முடியாது. அதனால்தான் லினக்ஸில் உரிமம் வாங்கிய பிளேயர் அன்றைக்கு இல்லை, அதனால்தான் அத்தனை லினக்ஸ் ஆட்கள் இதில் இறங்கினார்கள். விசிடியில் பூட்டே கிடையாது என்பதும், 2007 வாக்கில் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட்டபோது பர்மா பஜார் தட்டு வாங்கியவர்களில் பலர் ஒரிஜினல் வாங்கினார்கள் என்பதும் உங்கள் அப்பாவிடம் கேட்டால் சொல்வார். விலை செய்கிற வேலையை 40 பிட் செய்யாது.

பூட்டு விழுந்ததும் கம்பெனிகள் நீதிமன்றம் போனார்கள். 1999 டிசம்பரில் கலிஃபோர்னியாவில், சிஎஸ்எஸ் உரிமங்களை வழங்கும் டிவிடி சிசிஏ அமைப்பு வர்த்தக ரகசியத் திருட்டு என்று வழக்குப் போட்டது. அதில் வேடிக்கை என்னவென்றால், எந்த நிரலை யாரும் பார்க்கக்கூடாது என்று கேட்டார்களோ அதே நிரலை மனுவோடு இணைப்பாகத் தாக்கல் செய்துவிட்டு, அதை மூடி முத்திரையிடச் சொல்லிக் கேட்கவில்லை, கொஞ்ச நேரத்துக்கு அது யார் வேண்டுமானாலும் நகல் வாங்கக்கூடிய பொது ஆவணம். அந்த வழக்கு 2004-இல், ஊருக்கே தெரிந்தது ரகசியமாகாது என்ற இடத்தில் முடிந்தது. நியூயார்க்கில் கதை வேறு. அங்கே ஸ்டுடியோக்கள் டிஜிட்டல் பூட்டுகளைத் தாண்டுவதைத் தடை செய்து 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்தார்கள், 2600 என்ற ஹேக்கர் பத்திரிகை மீது வழக்கு. 2000 ஆகஸ்டில் நீதிபதி லூயிஸ் கேப்லன் நிரலை வெளியிடுவது மட்டுமல்ல, நிரல் இருக்கும் இடத்துக்கு இணைப்புக் கொடுப்பதும் தப்பு என்று தீர்ப்பளித்தார், 2001-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. நிரல் ஒரு பேச்சா (அப்படியானால் பேச்சுச் சுதந்திரம் அதைக் காக்கும்), கருவியா என்று பெரிய விவாதம். பேச்சுத்தான் என்று காட்ட சேத் ஷோன் முழு வழிமுறையையும் ஹைக்கூ வடிவில் எழுதினார், சட்டையில் அச்சடித்து விற்றார்கள், ஃபில் கார்மடி அந்த நிரலையே உள்ளடக்கிய ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்து "எண்ணையும் தடை செய்வீர்களா" என்று கேட்காமல் கேட்டார். எம்ஐடியில் இரண்டு பேர் பெர்ல் என்ற நிரல் மொழியில் ஒரு சில வரியில் முடித்துவிட்டார்கள். இவற்றைத் திரட்டி வைத்தவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் டூரெட்ஸ்கி. அவர் அந்த வழக்கில் சாட்சியும் சொன்னார். இதையெல்லாம் ரசித்துப் படியுங்கள், ஆனால் 2600 தரப்பு வழக்கில் தோற்றது என்பதையும் மறக்க வேண்டாம்.

நார்வேயில் யோஹான்சன் வீட்டில் 2000 ஜனவரியில் சோதனை நடந்தது, 2002-இல் குற்றச்சாட்டு. அடுத்தவர் தகவலைப் பூட்டை உடைத்துப் பார்த்தார் என்பது அங்கே பிரிவு. 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் விடுவித்தது: காசு கொடுத்து வாங்கிய தட்டைப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது, தன்னுடையதைத் தானே திறந்து பார்ப்பது திருட்டில்லை. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி தோற்றது. ஒரே நிரல், அமெரிக்காவில் தடை, நார்வேயில் விடுதலை. உங்கள் கிட்ஹப் கேள்விக்கு இது முக்கியம், வருகிறேன்.

ப்ளூ-ரே, எச்டி டிவிடி காலத்தில் பாடம் படித்துவிட்டார்கள், ஆனால் பாதிதான். அவற்றுக்குப் போட்ட பூட்டான ஏஏசிஎஸ்ஸில் 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம், வடிவமைப்பும் வெளிப்படை, கணக்கு ஓட்டை இன்றுவரை இல்லை. சாவி ரத்து செய்யவும் மரவடிவில் நல்ல ஏற்பாடு. ஆனால் கூடத்தில் சாவி இருக்கிற ஓட்டை அப்படியே இருந்தது. 2006 டிசம்பர் கடைசியில் மஸ்லிக்ஸ்64 என்ற பெயரில் ஒருவர், மென்பொருள் பிளேயர் படத்தை ஓட்டும்போது கணினி நினைவகத்தில் சாவி கிடக்கிறது என்று காட்டினார். இரண்டே மாதத்தில் அன்று வந்திருந்த தட்டுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு 16 பைட் சாவியும் வெளியானது. அதை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பப் போய், 2007 மே 1 அன்று செய்திகளுக்கு வாசகர்கள் ஓட்டுப் போடும் டிக் (Digg) தளத்தின் வாசகர்கள் முதல் பக்கம் முழுக்க அந்த எண்ணையே நிரப்பினார்கள். சாவியை ரத்து செய்தார்கள், புதுச் சாவி சில வாரத்தில் வெளியானது. ப்ளூ-ரேயில் மேலதிகமாகப் போட்ட பிடி பிளஸ் என்ற இன்னொரு பூட்டு பத்து வருடம் தாங்கும் என்று ஒரு ஆய்வாளர் சொன்னார், 2008 மார்ச்சிலேயே ஸ்லைசாஃப்ட் என்ற மென்பொருள் நிறுவனம் அதைத் தாண்டிவிட்டது. 4கே தட்டுகளுக்குக் கணினியில், சாவி போன்ற ரகசியங்களைச் சிப்புக்குள் தனியே பூட்டி வைக்கும் இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் வசதி கட்டாயம் என்றார்கள், 2021-லிருந்து வந்த டெஸ்க்டாப் சிப்களில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. புதுக் கணினி வாங்கியவர் ஒரிஜினல் தட்டைப் போட்டால் ஓடாது. திருட்டுக் கோப்பு ஓடும்.

இனி உங்கள் ப்ராஜெக்ட். "சிஎஸ்எஸ் உடைப்பான்" என்று தலைப்பு வைக்காதீர்கள், அதில் உங்கள் கைடு சொல்கிற மாதிரி புதிதாக ஒன்றுமில்லை. குறியாக்கத்தை மட்டும் நீங்களே எழுதுங்கள், சாவியையும் நீங்களே தற்செயலாக உருவாக்குங்கள், அதைத் தெரிந்த பைட்டுகளை வைத்து மீட்டுக் காட்டுங்கள். முழு 40 பிட் தேடல் உங்கள் லேப்டாப்பில் எவ்வளவு நேரம், 16 பிட் வழி எவ்வளவு நேரம், இரண்டையும் அளந்து போடுங்கள். கூட்டும்போது வரும் மிச்சத்தை எடுத்துவிட்டால் தாக்குதல் எப்படி மாறுகிறது என்றும் பாருங்கள். இரண்டாம் பகுதியில் ஏஏசிஎஸ்ஸின் ரத்து மரத்தைச் சிறிய அளவில் செய்து, நூறு பிளேயரில் பத்து பேரை ரத்து செய்தால் தட்டில் எத்தனை பிரதி எழுத வேண்டியிருக்கிறது என்று சிஎஸ்எஸ் முறையோடு ஒப்பிடுங்கள். உண்மையான தட்டு ஒன்றைக்கூடத் தொட வேண்டாம்.

அப்படிச் செய்தால் கிட்ஹப்பில் போடுவதில் எனக்குப் பயம் தெரியவில்லை, அது எவருடைய படத்தையும் திறக்காது. நிஜப் பிளேயர் சாவிகளையும் டிரைவோடு பேசும் பகுதியையும் சேர்த்தால் கதை வேறு. கிட்ஹப் அமெரிக்கக் கம்பெனி, டிஎம்சிஏ அங்கே செல்லும். 2020 அக்டோபரில் யூடியூப் வீடியோக்களை இறக்க உதவும் யூடியூப்-டிஎல் என்ற கருவியை இந்தச் சட்டத்தின் பெயரில்தான் எடுத்தார்கள், அடுத்த மாதம் திருப்பி வைத்தார்கள் என்றாலும் அதற்கு வக்கீல்கள் உழைக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 65ஏ பிரிவு வந்தது, பாதுகாப்பைத் தாண்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும். ஆனால் "உரிமையை மீறும் நோக்கத்தோடு" என்ற சொற்கள் அதில் இருக்கின்றன, குறியாக்க ஆராய்ச்சிக்கு விலக்கும் இருக்கிறது. அடுத்தவர் தாண்ட நீங்கள் உதவினால் அவர் பெயர், விலாசம், நோக்கம் எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு, பொதுவெளியில் கருவியைப் போடுகிறவருக்கு இது தலைவலி. நான் வக்கீல் இல்லை, கல்லூரியில் சட்டம் தெரிந்தவர் இருந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அப்பாவின் டிவிடிகள். சொந்தமாக வாங்கிய தட்டை வீட்டில் பார்க்க ஒரு பிரதி எடுப்பதை நம் சட்டத்தின் சொந்த உபயோக விலக்கும் மேலே சொன்ன நோக்க நிபந்தனையும் சேர்ந்து காக்கும் என்றே நான் படிக்கிறேன், அதை உறவினர்களுக்கெல்லாம் பங்கு வைத்தால் காக்காது. முதலில் ஏன் ஓடவில்லை என்று பாருங்கள், சிஎஸ்எஸ் போடாமலே வந்த தட்டுகளும் உண்டு, வெறும் கீறலாகவோ மண்டலப் பிரச்சினையாகவோ இருக்கலாம். மண்டலத்தை மாற்றச் சொல்லிக் கேட்டால் கண்டபடி மாற்றாதீர்கள், 2000-க்குப் பின் வந்த டிரைவ்களில் ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதில் அப்படியே பூட்டிக்கொள்ளும். பூட்டுத்தான் காரணம் என்றால், பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வீடியோலேன் குழுவின் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நூலகத்தை, டெபியனும் உபுண்டுவும் சட்டத்துக்குப் பயந்து கூடவே தருவதில்லை, நீங்கள் தனியாகச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால் விஎல்சி பிளேயரில் ஓடும். பிரதி எடுப்பதாக இருந்தால் பழசான, ஓரம் நிறம் மாறத் தொடங்கிய தட்டுகளை முதலில் எடுங்கள், ஒருமுறை படிக்க மறுத்துவிட்டால் அதற்கு எந்த நூலகமும் இல்லை.